வீட்டிலேயே லூர் செய்வோம்: ஸ்பூன், ஸ்பின்னர், செருப்புத் தவளை

கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீன், நன்னீருக்குள் நுழைந்த பிறகு ஏறக்குறைய எதையுமே தின்பதில்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்தே மேட்டு ஆறு வரைக்கும் எதிர்நீச்சல் போட்டு ஏறிவிடும். அப்படி இரையே வேண்டாம் என்று போகிற மீன், தண்ணீருக்குள் சுழன்றுகொண்டு வரும் ஒரு பித்தளைத் தகட்டை எதற்குக் கடிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை என் மண்டைக்குள் போட்டவர் என் பெரியப்பா. புதுச்சேரியில் சொந்தத்துக்குள் ஒரு 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரர், உள்ள குடும்பங்கள் பல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர் பெரியப்பா. பிரான்சின் தென்மேற்கில், பிரனே மலை அடிவாரத்தில் ஓடும் கவ் தொலோரோன் என்ற ஆற்றில் சால்மன் பிடிக்கப் பழகியிருந்தார். அவருடைய தகர டப்பாவில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன ஸ்பின்னர்கள் இருக்கும். கம்பி, மணி, ஒரு தகடு, வால் பக்கம் கொஞ்சம் மயிர், அவ்வளவுதான்.

"அது பசியில கடிக்கலடா. என் எடத்துல நீ யாருன்னு கோவத்துல கடிக்குது" என்பார்.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கோபம் ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்வதில்லை. இடத்தைக் காக்கும் குணம் என்கிறார்கள்; குஞ்சாக இருந்தபோது அதே ஆற்றில் பூச்சி பிடித்துத் தின்ற பழக்கத்தின் மிச்சம் என்கிறார்கள்; கண்முன் திடீரென்று ஏதோ பாய்ந்தால் வாயால் தடுக்கும் அனிச்சை என்றும் சொல்கிறார்கள். எது எப்படியோ, பெரியப்பா சொன்னதில், லூர் என்ற பொய் இரையைச் செய்கிறவனுக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. அரத்தையும் குறட்டையும் எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். நாம் தேடிப் போகிற மீன் எதற்காகக் கடிக்கிறது? பசியா, கோபமா, திடுக்கிடலா? அந்தப் பதிலைத்தான் நாம் தகரத்திலும் ரப்பரிலும் வெட்டி எடுக்கிறோம்.

கடையில் லூர் வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே காலத்தை ஓட்டிவிடலாம். கையால் செய்கிறவர்களால் முடியாது. வீட்டில் லூர் செய்யுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது இதனால்தான். காசு மிச்சமாவது அதற்குப் பிறகு வருகிற லாபம்.

நம்ம தண்ணீரில் யார் இருக்கிறார்கள்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் சால்மன் கிடையாது. சால்மன் குடும்பத்து மீனைத் தமிழ்நாட்டில் உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் அங்கே ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்காக 1907இல் அமைத்த குஞ்சு பொரிப்பகம் ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் இருக்கிறது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்து ஓடும் தண்ணீர் வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு அது ஒரு நாள் தாங்காது.

மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று பலகை எழுதி விற்கிற காலா மீன் வேறு குடும்பம். செவுளுக்குக் கீழே பக்கத்துக்கு நான்கு மீசை நூல் தொங்கும். கண்ணை மூடினாற்போல ஒளி ஊடுருவும் கொழுப்புப் படலம் இருக்கும். கலங்கின தண்ணீரில் திரிகிற மீன் அது. கண்ணை மட்டும் நம்பாமல் மீசை நூலாலும் உடம்பின் பக்கக்கோட்டாலும் தடவிப் பார்த்து இரை தேடும். எறாவும் பொடி மடவையும் அதற்குச் சாப்பாடு. கடலோரத்திலிருந்து கழிமுகத்துக்குள்ளும் ஏறி வரும்.

கழிமுகம் என்றால் நமக்கு இரண்டு வாய். செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிகிறது. அரிக்கமேட்டுக் கரை, தேங்காய்த்திட்டு அலையாத்திக் காடு, நோணாங்குப்பம் பாலம் எல்லாம் இந்தத் தண்ணீரில்தான். இங்கே ராஜா கொடுவா. சால்மன் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குப் போகிறது. கொடுவா அதற்கு நேர் எதிர். உப்பங்கழியிலும் நன்னீரிலும் வளர்ந்து, முட்டையிடக் கடல் வாய்க்கு இறங்குகிறது. அலையாத்தி வேர் மறைவில் அசையாமல் நிற்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயை 'டப்'பென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். கொடுவா அடிப்பது பசியும் அனிச்சையும் கலந்த அடி.

உள்ளே ஏரிப் பக்கம் போனால் விரால். பாகூர் வட்டாரத்து ஏரி, குளம், வாய்க்கால் எங்கும் உண்டு. செவுளுக்கு மேலே காற்றை நேராக மூச்சாக இழுக்கும் அறை அதற்கு இருக்கிறது. அதனால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டுதான் கீழே போகும். அல்லி இலைகளுக்கு நடுவில் அந்தக் குமிழியைப் பார்க்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. தவளை, பொடி மீன், பூச்சி எது மேலே அசைந்தாலும் விரால் அடிக்கும். குஞ்சு வைத்திருக்கும் விராலின் அடி இந்தக் கணக்கில் வராது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

ஆக நமக்கு மூன்று மீன், கடிப்பதற்கு மூன்று விதமான காரணம், வீட்டில் செய்யக்கூடிய மூன்று லூர். கொடுவாவுக்கு ஸ்பூன், காலாவுக்கு ஸ்பின்னர், விராலுக்குத் தவளை. இதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. தொடங்குகிறவர்களுக்கு நல்ல வரிசை இது.

பெரிய கம்பெனிகளும் வீட்டில்தான் தொடங்கின

கையால் செய்வது மட்டமான வேலை என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. உலகத்தில் அதிகம் விற்கும் லூர்கள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியைச் சேர்ந்தவர் ஜூலியோ ப்யூல். சின்ன வயதில் ஏரியில் அவர் கைதவறிப் போட்ட கரண்டி பளபளவென்று ஆடிக்கொண்டே மூழ்க, ஒரு பெரிய மீன் பாய்ந்து அதைக் கவ்விக்கொண்டு போனதாகக் கதை சொல்வார்கள். வீட்டுக்குப் போய்க் கரண்டியின் காம்பை அறுத்து, துளை போட்டு, முள் மாட்டினாராம். கதையின் சாயம் எவ்வளவு என்பது இருக்கட்டும். 1852இல் அவர் ஸ்பூன் லூருக்குக் காப்புரிமை வாங்கியது பதிவான செய்தி.

பின்லாந்தில் லௌரி ரபாலா ஏழை மீனவர். படகில் போகும்போது தண்ணீருக்குள் உற்றுப் பார்ப்பது அவர் வழக்கம். பொடி மீன் கூட்டத்தில் ஒன்று மட்டும் அடிபட்டு ஒருக்களித்து நீந்தினால், பெரிய மீன் கூட்டத்தை விட்டுவிட்டு அந்த ஒன்றைத்தான் பிடிக்கிறது என்று கண்டுகொண்டார். 1936இல் செருப்புத் தைக்கிறவர் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லெட் சுற்றி வரும் ஈயத்தாளை மேலே ஒட்டினார். வார்னிஷ் வாங்கக் காசில்லை. பழைய போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். இன்று உலகமெங்கும் விற்கும் ரபாலா லூரின் முதல் வடிவம் அதுதான். அடிபட்ட மீனின் நடுக்கத்தைத் தக்கையில் கொண்டுவந்ததுதான் அவர் சாதனை. மற்றதெல்லாம் குப்பையில் கிடந்த சாமான்.

பெரியப்பாவின் டப்பாவில் இருந்த ஸ்பின்னர்கள் 'மெப்ஸ்'. ஆந்த்ரே முல்னார் என்ற பிரெஞ்சுக்காரர் 1938இல் தொடங்கிய கம்பெனி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ஸ்பின்னர் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே தூண்டில் கடை வைத்திருந்த டாட் ஷெல்டன், பிரான்சிலிருந்த ஒரு பெண்ணுக்கு நைலான் காலுறை அனுப்பி, பதிலுக்கு ஸ்பின்னர் வரவழைத்து விற்றாராம். மெப்ஸ் ஸ்பின்னரின் வாலில் கட்டுவது அணில் வால் மயிர்.

நம் பக்கத்திலும் பழைய பதிவுகள் உண்டு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ், 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகம் எழுதினார். 1887இல் ஏரித் தூண்டிலுக்கென்றே தனியாக 'டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா' எழுதினார். நம் ஏரிகளை விளையாட்டுத் தூண்டிலுக்கு உரிய தண்ணீராக ஒருவர் மதித்து எழுதி நூறு வருஷத்துக்கும் மேலாகிறது.

ஸ்பூன்

தேவை: கெட்டியான ஒரு பழைய மேசைக்கரண்டி, ஆக்சா பிளேடு, அரம், துளைக்கருவி, இரண்டு ஸ்பிளிட் ரிங், ஒரு ஸ்விவல், ஒற்றை முள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய கரண்டி, குறடு, சுத்தியல் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். கரண்டியை வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். மெல்லிய தகரக் கரண்டி தண்ணீரில் நன்றாக ஆடும், ஆனால் தூரம் போகாது. கனமான கரண்டி தூரம் போகும், ஆட்டம் குறையும். கழிமுகக் காற்றுக்குக் கனமானதே சரி.

காம்பைக் கரண்டிக் குழியின் விளிம்போடு அறுத்துவிடுங்கள். அறுத்த இடத்தை அரத்தால் உருட்டித் தேயுங்கள். இரண்டு முனையிலும் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஆணியால் ஒரு புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். புள்ளி இல்லாமல் துளைத்தால் எவர்சில்வரில் பிட் வழுக்கும். 3 மில்லிமீட்டர் பிட், மெதுவான வேகம், துளி எண்ணெய். கரண்டியைக் கையால் பிடிக்கவே கூடாது. மரக்கட்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுத் துளையுங்கள். பிட் மாட்டிக்கொண்டால் கரண்டி கத்தியாகச் சுழலும்.

துளையின் உள்விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பிசிறு இருந்தால் ரிங் சீக்கிரம் தேய்ந்துபோகும். குறுகிய முனையில் ரிங்கும் ஸ்விவலும், அகன்ற முனையில் ரிங்கும் முள்ளும். இது முக்கியம். கனமான பக்கம் பின்னால் வந்தால்தான் வீசும்போது நேராகப் பறக்கும்.

இனி ஆட்டம். குழிவான பக்கத்தில் தண்ணீர் மாட்டி ஒரு பக்கம் நழுவும், உடனே மறுபக்கம் நழுவும். ஒருக்களித்து நீந்தும் மடவைக்குஞ்சின் ஆட்டம் அதுதான். மாடித் தொட்டியிலோ பெரிய அன்னக்கூடையிலோ தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முழுதாகச் சுற்றினால் குழிவு அதிகம். மரக்கட்டை மேல் வைத்து லேசாகத் தட்டித் தட்டையாக்குங்கள். ஆடாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் குழிவு போதவில்லை. உள்பக்கம் உருண்டைத்தலைச் சுத்தியலால் இரண்டு பொளி போடுங்கள். பொளி விழுந்த இடத்தில் வெளிச்சம் உடைந்து சிதறும். செதில் மினுங்குவது மாதிரியே இருக்கும்.

கடல்நீர் ஏறத் தொடங்கும்போதும் வடியத் தொடங்கும்போதும் பாலத் தூண் நிழலிலும் அலையாத்தி வேர் ஓரத்திலும் வீசுங்கள். விழுந்ததும் சுற்றாதீர்கள். ஸ்பூன் ஆடிக்கொண்டே கீழே இறங்கட்டும். பிறகு நாலு சுற்று, ஒரு நிறுத்தம். கொடுவா பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில், ஸ்பூன் விழும்போதுதான் எடுக்கும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. மெல்லிய நரம்பை நேராக முடிந்தால் ஒரே உதறலில் அறுந்துவிடும். முன்னால் கையளவு நீளத்துக்காவது தடித்த தங்கூசி நரம்பைச் சேர்த்துக் கட்டுங்கள். மீனைத் தூக்கும்போதும் செவுள் பக்கம் விரல் போகக் கூடாது.

ஸ்பின்னர்

ஸ்பூன் கண்ணுக்குச் செய்வது. ஸ்பின்னர் மீனின் உடம்புக்குச் செய்வது. சுழலும் தகடு தண்ணீரைத் தட்டிக்கொண்டே வரும். அந்த அதிர்வைக் கலங்கின தண்ணீரிலும் காலா பக்கக்கோட்டால் வாங்கிக்கொள்ளும். மழைத் தண்ணீர் இறங்கி அரியாங்குப்பம் ஆறு செம்மண் நிறமாக ஓடும் நாட்களில் பளபளப்புக்கு வேலையில்லை. அதிர்வுதான் பேசும்.

தகட்டுக்குப் பித்தளை நல்லது. பாத்திரக் கடையில் உடைந்த பித்தளைச் சாமான் எடைக்குக் கிடைக்கும். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டினால் அலுமினியம் ரொம்ப லேசாக இருக்கும், ஒரே மீனில் மடங்கிவிடும். 4 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம் வைத்து, வேப்பிலையை விடக் கொஞ்சம் தடித்த வடிவில் அட்டையில் வரைந்து வெட்டி, தகட்டின் மேல் வைத்துக் கோடு போடுங்கள். தகரக் கத்தரியால் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, ஒரு முனையில் சின்னத் துளை. பிறகு கரண்டியின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தி லேசாகக் குழித்துக்கொள்ளுங்கள்.

நடுத்தண்டுக்கு எவர்சில்வர் கம்பி, ஒரு மில்லிமீட்டருக்குள். வட்டமூக்குக் குறடு இருந்தால் முனையில் வளையம் அழகாக வரும். நகை செய்யும் பத்தர்கள் வைத்திருக்கும் அதே குறடுதான். ஒரு முனையில் வளையம் போட்டுவிட்டு இந்த வரிசையில் கோத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சின்ன மணி. அடுத்து, மெல்லிய பித்தளைப் பட்டையை 'ப' வடிவில் மடித்து இரண்டு காலிலும் துளை போட்ட கவ்வி; தகடு அதில்தான் தொங்கும். அதற்குக் கீழே மறுபடி ஒரு வழவழப்பான மணி. பிறகு எடைக்கு இரண்டு மூன்று பித்தளை நட்டு. கடைசியில் கம்பியை வளைத்து முள்ளை மாட்டி முறுக்கிவிடுங்கள்.

எல்லாமே அந்தக் கவ்விக்குக் கீழே இருக்கிற மணியில்தான் இருக்கிறது. கவ்வி நேராக நட்டின் மேல் உட்கார்ந்தால் உரசி நின்றுவிடும். மணி உருண்டையாக, துளை ஓரம் வழவழப்பாக இருந்தால் ரீலை மெதுவாகச் சுற்றினாலும் தகடு சுழலும். மெதுவாகச் சுழலும் ஸ்பின்னர்தான் நல்ல ஸ்பின்னர். வேகமாக இழுத்தால் எந்தத் தகடும் சுழலும். தொட்டியில் சோதிக்கும்போது எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் நிற்காமல் சுழல்கிறதா என்று பாருங்கள். ராடு நுனியில் படபடவென்று ஒரு துடிப்பு தெரிய வேண்டும்.

வாலுக்கு அணிலைத் தேடிப் போகாதீர்கள். கறிக்கடையில் வெள்ளாட்டு வால் கேட்டால் கொடுப்பார்கள். மயிரை வெட்டி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் காய வைத்து, முள்ளின் கழுத்தில் நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு. தண்ணீருக்குள் அது எறாவின் கால்கள் மாதிரி விரிந்து சுருங்கும். காலாவுக்கு அதுபோதும்.

செருப்புத் தவளை

விராலுக்குக் கடையில் விற்கும் ரப்பர்த் தவளை இப்போது முந்நூறு, நானூறு என்கிறார்கள். தேய்ந்த ஹவாய் செருப்பு ஒன்றில் நாலைந்து தவளை வெட்டலாம். குதிகால் பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும். நடுப்பாதம் தடிமனாக இருக்கும். அங்கே வெட்டுங்கள்.

5 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலத் துண்டு. செருப்புத் தடிமன் போதவில்லையென்றால் இரண்டு துண்டை ரப்பர் பசையால் ஒட்டி ஒரு ராத்திரி கனத்தை வைத்து அழுத்துங்கள். முன்பக்கம் கூம்பாக, பின்பக்கம் அகலமாகப் புது பிளேடால் சீவி, பிறகு உப்புத்தாளால் உருட்டுங்கள். அடிவயிறு வெள்ளையாக இருக்கட்டும். கீழிருந்து பார்க்கும் விராலுக்கு முதுகின் நிறம் தெரியாது. வானத்துக்கு எதிரே ஒரு நிழலும் வயிறும்தான் தெரியும். முதுகில் அழகழகாகப் புள்ளி வைப்பது நம் சந்தோஷத்துக்கு.

வயிற்றின் நடுவே நீளவாட்டில் ஒரு கீறல் போட்டு, எவர்சில்வர் கம்பியை உள்ளே வைத்து ஒட்டுங்கள். முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு வளையம். இரட்டை முள்ளைக் கம்பியோடு சேர்த்து, இரண்டு முனையும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கிற மாதிரி மாட்ட வேண்டும். தவளை முள்ளின் சூட்சுமம் இது. முள் முதுகை அணைத்து நிற்பதால் அல்லி இலை, ஆகாயத்தாமரை எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் கவ்வும்போது ரப்பர் அமுங்கும், அப்போது முள் வெளியே வரும். அதனால்தான் மரத்தில் செய்யாமல் ரப்பரில் செய்கிறோம். இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் அமுக்கியதுமே முள் நுனி விரலில் படவேண்டும். படாவிட்டால் முதுகை இன்னும் கொஞ்சம் சீவுங்கள்.

பின்பக்கம் சின்ன எடை வேண்டும். சைக்கிள் கடையில் கிடைக்கும் பேரிங் குண்டு ஒன்றிரண்டைத் துளைத்த குழிக்குள் வைத்து ஒட்டிவிடுங்கள். வால் தாழ்ந்து தலை தூக்கி நிற்கும். உயிருள்ள தவளை தண்ணீரில் உட்கார்வது அப்படித்தான். காலுக்கு ரப்பர் பேண்டை வெட்டிக் கொத்தாகக் கட்டலாம். பின் வளையத்தில் ஸ்பின்னருக்கு வெட்டியது மாதிரி ஒரு குட்டித் தகடு தொங்கவிட்டால் தண்ணீர் மேல் சலசலவென்று சத்தம் வரும்.

இலைக்கு மேல் வீசி, மெதுவாக இழுத்து, இலை விளிம்பில் தண்ணீருக்குள் விழவிட்டு, நிறுத்துங்கள். விரால் அடித்ததும் தண்ணீர் வெடிக்கும். அந்த நொடியில் இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். அது தவளையை வாயில் வாங்கிக் கீழே திரும்பும் வரை பொறுத்து, நரம்பு இறுகியபின் ராடைத் தூக்குங்கள்.

செய்யக்கூடாத காரியங்கள்

வீட்டில் ஈயம் உருக்காதீர்கள். ஈயப்புகை குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். தண்ணீரில் அறுந்து விழும் ஈயம் பறவைக்கும் எமன். பிரிட்டனில் அன்னங்கள் ஈயக் குண்டை விழுங்கிச் செத்ததால், 1987இலேயே சின்ன ஈய எடைகள் விற்பதைத் தடை செய்தார்கள். பித்தளை நட்டும் பேரிங் குண்டும் இருக்கும்போது நமக்கு ஈயம் எதற்கு?

முள்ளை மட்டும் கடையில் நல்லதாக வாங்குங்கள். வாங்கியதும் நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. வேண்டாத மீனைக் காயமில்லாமல் விடலாம். உங்கள் விரலில் ஏறினாலும் அப்படியே உருவிவிடலாம்.

ஊசுடு ஏரிக்குத் தூண்டில் எடுத்துப் போகாதீர்கள். 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. அறுந்த நரம்பு ஒரு நீர்க்காக்கையின் காலில் சுற்றினால் அது பட்டினியில் சாகும். மற்ற ஏரிகளில் மீன்பாசி ஏலம் எடுத்தவர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். அது அவர் பிழைப்பு.

கொடுவாவும் காலாவும் ஆணாக வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன்கள். அதாவது பெரிய மீன் என்றால் பெரும்பாலும் முட்டை சுமக்கும் தாய். குழம்புக்கு நடுத்தர மீன் போதும். பெரியதைப் போட்டோ எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் சுண்ணாம்பாற்றில் மீன் இருக்க அதுதான் வழி.

இப்போது விரால். மழை பெய்து ஏரி நிறையும்போது விரால் ஓரத்துப் புல்லை விலக்கி முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கூட்டமாக மேலே வந்து காற்று வாங்கும். தண்ணீரில் மழைத் தூறல் விழுவது போல அந்த இடம் மட்டும் பொறிப்பொறியாகக் கொப்பளிக்கும். அதற்குக் கீழே பெற்ற விரால் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே தவளையை இழுத்தால் விரால் அடிக்காமல் விடாது. அதில் ஏமாற்ற வேண்டிய வேலையே இல்லை. எப்படிப்பட்ட லூராக இருந்தாலும் அடிக்கும். பசியில் அடிக்கவில்லை. பெரியப்பா சொன்ன அந்தக் கோபம். தன் பிள்ளையைத் தொடவந்ததன் மேல் வருகிற கோபம். அந்த விராலைத் தூக்கிவிட்டால் காவல் போய்விடும். குறவையும் கெளுத்தியும் கொக்கும் சேர்ந்து குஞ்சுக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனை எடுத்ததாக நாம் நினைப்போம், உண்மையில் ஒரு ஏரித் துண்டின் அடுத்த தலைமுறையையே எடுத்திருப்போம்.

லூர் செய்யக் கற்றவனுக்கு மீன் எதற்காகக் கடிக்கிறது என்று தெரியும். தெரிந்தவனுக்குத்தான் பொறுப்பும் அதிகம். பசியில் வருகிற மீனோடு நம் கைவேலையைப் போட்டிக்கு விடுவோம். குஞ்சுக்காகக் கோபப்பட்டு வருகிற மீனை விட்டுவிடுவோம். இந்த மழைக்காலத்தில் நீங்கள் செய்யும் முதல் தவளையோடு ஏரிக்குப் போகும்போது, செம்பழுப்புக் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் தயவுசெய்து அங்கே வீசாதீர்கள். பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் அதைக் காட்டி, ஏன் வீசக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.